வெந்நீர்க் கலனின் அடிக்குழாய்

ஏற்காட்டு மலையில் மார்கழிக் குளிர் எப்படி இருக்கும் என்பது சமவெளியில் வாழ்வோருக்கு எளிதில் விளங்காது. காப்பிச் செடிகளின் மேல் மூடுபனி இறங்கி நிற்க, விடியற்காலையில் குழாயைத் திறந்தால் கை விறைத்துப்போகும். அம்மலையிலுள்ள மாரமங்கலத்தில்தான் என் மாமனார் வீடு இருக்கிறது. மிளகும் காப்பியும் பயிரிடும் குடும்பம். சென்ற விடுமுறையில் அங்குச் சென்றிருந்தபோது, குளியலறையில் மாட்டியிருந்த 25 லிட்டர் மின் வெந்நீர்க் கலனின் அடியிலுள்ள சிறு குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. கலனைக் காலி செய்வதற்காக வைக்கப்பட்ட வடிகுழாய் அது. சேலத்திலிருந்து புதிய குழாய் ஒன்றை வாங்கிச் சென்று, நானே அதை மாற்றினேன்.

அரை மணி நேர வேலைதான். ஆனால் அடுத்த நாள் காலையில் அந்த வேலை எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. பத்து ஆண்டுகளாகக் கல்லூரியில் வெப்ப இயல் கற்பித்துவரும் நான், அதுவரை கற்காத பாடம். அதைச் சொல்வதற்கு முன், இந்தச் சிறு குழாய் நம் குளியலறைக்கு வந்து சேர்ந்த வரலாற்றைக் காண்போம்.

திறந்த பாத்திரம்

நம் பாட்டிமார் வெந்நீர் வைத்தது செம்புத் தவலையிலும் அண்டாவிலும். கொல்லைப்புறத்தில் மூன்று கல் அடுப்பு, அதில் தென்னை மட்டை. மொண்டு குளிக்க ஒரு சொம்பு. பின்னர் செம்பினால் செய்த ‘பாய்லர்’ வந்தது. நடுவே தீக்குழல், அதைச் சுற்றி நீர், கீழே சாம்பல் விழும் தட்டு, பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய். கரியோ கொட்டாங்கச்சியோ போட்டால் போதும். தீயைச் சுற்றிலும் நீர் இருப்பதால் வெப்பம் வீணாவது குறைவு.

இவை இரண்டுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரண்டும் திறந்த பாத்திரங்கள். நீர் விரிந்தால் மட்டம் உயரும். கொதித்தால் ஆவி வெளியேறும். அடியில் சேரும் கசடைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் புளி போட்டுத் தேய்த்துவிடலாம். ஆகவே அவற்றுக்குக் காவல் தேவைப்படவில்லை.

பண்டைய ரோமானியரின் குளியலிடங்களிலும் ஏறக்குறைய இதே முறைதான். கட்டடக்கலை பற்றி எழுதிய விட்ருவியஸ், அடுப்பின் மேல் மூன்று வெண்கலக் கொப்பரைகளை வைக்கச் சொல்கிறார். ஒன்று வெந்நீருக்கு, ஒன்று வெதுவெதுப்பான நீருக்கு, ஒன்று தண்ணீருக்கு. வெந்நீர் குறையக் குறைய வெதுநீர் அதிலும், தண்ணீர் வெதுநீரிலும் வந்து சேரவேண்டும். இதற்கேற்ற திறப்புகளையும் ரோமானியர் அறிந்திருந்தனர். துளையிட்ட வெண்கலத் தக்கையைக் கால் சுற்றுத் திருப்பினால் நீர் வரும், மீண்டும் திருப்பினால் நிற்கும். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில் இத்தகைய திறப்புகள் கிடைத்துள்ளன. நம் ஊர்ப் பித்தளைப் பாய்லரின் திருப்புக்குழாயும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. தலையைத் திருகத் திருகத் தோல் வாஷர் இறங்கி வழியை அடைக்கும் குழாய் மிகவும் பிற்பட்டது. இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரிலிருந்த கெஸ்ட் அண்டு கிரைம்ஸ் என்ற நிறுவனம் 1845-இல் அதற்குக் காப்புரிமை பெற்றது.

பாத்திரத்தை மூடியபோது

கதையின் திருப்பம் பாத்திரத்தை இறுக மூடியதில் தொடங்குகிறது. ஏற்காட்டில், அதாவது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், நீர் ஏறத்தாழ 95 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். காற்றழுத்தம் குறைவதால் கொதிநிலையும் குறைகிறது. அதனால் மலையில் பருப்பு வேகத் தாமதமாகிறது. இதற்கு எதிர்மாறான வழியைக் கையாண்டவர் பிரெஞ்சு நாட்டவரான டெனி பாப்பின். பாத்திரத்தை மூடி அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலை உயரும். கடினமான எலும்பும் மென்மையாகும். 1679-இல் லண்டன் ராயல் கழகத்தாருக்கு அவர் காட்டிய ‘வேகவைக்கும் கலன்’ இன்றைய பிரஷர் குக்கரின் மூதாதை.

மூடிய பாத்திரம் வெடிக்கும் அபாயத்தையும் பாப்பின் உணர்ந்திருந்தார். ஆகவே மூடியில் ஒரு சிறு துளையிட்டு, அதன் மேல் எடை தொங்கும் நெம்புகோல் ஒன்றை வைத்தார். அழுத்தம் அளவுக்கு மீறினால் எடை தூக்கப்பட்டு ஆவி வெளியேறும். இதுவே காப்பு வால்வு. கலனுக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாத மனிதனுக்குப் பதிலாக, அந்த எடை பார்த்துக்கொள்கிறது.

ஆனால் காவலாளியைக் கட்டிப்போட்டால்? வரலாற்றில் இது பலமுறை நடந்திருக்கிறது. 1803 செப்டம்பரில் இங்கிலாந்தின் கிரீனிச் என்னுமிடத்தில் ரிச்சர்ட் டிரெவித்திக்கின் உயர் அழுத்த நீராவி எந்திரம் நீர் இறைத்துக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்கவேண்டிய சிறுவன் விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டான். வேறொருவர் எந்திரத்தை நிறுத்தினார். ஆனால் காப்பு வால்வு திறக்காதபடி தடுத்து வைக்கப்பட்டிருந்ததை அவர் நீக்கவில்லை. கலன் வெடித்து நால்வர் இறந்தனர்.

டிரெவித்திக் இதிலிருந்து இரண்டு பாடங்கள் கற்றார். முதலாவது: ஒன்றுக்கு இரண்டு காப்பு வால்வுகள் வேண்டும், அவற்றில் ஒன்று ஓட்டுபவரின் கைக்கு எட்டாததாக இருக்கவேண்டும். இரண்டாவது: கலனில் ஈயத்தால் ஆன ஓர் அடைப்பு வேண்டும். நீர் வற்றிக் கலன் அளவுக்கு மீறிச் சூடேறினால் ஈயம் உருகி வழிவிடும். இந்த உருகும் அடைப்பின் வழித்தோன்றல்களை இன்றும் நம் வீட்டுக் குக்கரின் மூடியிலும், மின் வெந்நீர்க் கலனிலும் காணலாம்.

அமெரிக்காவிலும் இதே பிழை நடந்தது. ‘பெஸ்ட் ஃபிரண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்’ என்னும் இரயில் எந்திரத்தின் காப்பு வால்விலிருந்து சீறிக்கொண்டு வந்த ஆவியின் ஒலி, தீயிடும் தொழிலாளி ஒருவருக்குப் பொறுக்கவில்லை. அதை அமுக்கி அடைத்தார். 1831 ஜூன் 17 அன்று எந்திரம் வெடித்தது. அந்தத் தொழிலாளி உயிரிழந்தார். காப்பு வால்வின் தொல்லை தாங்காமல் அதை அடைத்தவர் அவர். இந்த நிகழ்ச்சியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அடியில் சேரும் கசடு

மேலே ஒரு திறப்பு ஏன் என்பது விளங்கிற்று. அடியில் ஒன்று எதற்கு?

சேலத்தில் என் வீட்டுக் கிணற்று நீர் கடின நீர். கண்ணாடி போல் தெளிவாகத்தான் இருக்கும். காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியும். தெளிந்த நீரில் கல் எப்படிக் கரைந்திருந்தது? இதற்கு விடை கண்டவர் ஹென்றி கேவண்டிஷ். லண்டன் ராத்போன் பிளேஸ் என்னும் இடத்து ஊற்றுநீரை ஆராய்ந்து 1767-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், சுண்ணப் பொருளை நீரில் கரைய வைத்திருப்பது அதிலுள்ள ‘நிலைக்காற்று’ என்று காட்டினார். இன்று நாம் அதனைக் கார்பன்-டை-ஆக்சைடு என்கிறோம். நீரைக் காய்ச்சும்போது இவ்வாயு வெளியேறுகிறது. கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட், கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. சர்க்கரை போன்ற பல பொருள்கள் சூட்டில் கூடுதலாகக் கரையும். சுண்ணாம்புக்கோ சூடே பகை.

அபெர்டீன் நகர வேதியியல் பேராசிரியர் தாமஸ் கிளார்க் 1841-இல் இந்த அறிவை வைத்தே ஒரு காப்புரிமை பெற்றார். கடின நீரில் அளவறிந்து நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தால், அது மிகுதியான கார்பன்-டை-ஆக்சைடைப் பிடித்துக்கொள்ள, கரைந்திருந்த சுண்ணாம்பும் சேர்ந்தே படிந்துவிடும். சுண்ணாம்பைச் சேர்த்துச் சுண்ணாம்பை நீக்கும் இம்முறை முள்ளை முள்ளால் எடுப்பது போன்றதன்றோ!

நீராவிக் கப்பல்களுக்கு இத்தொல்லை இன்னும் பெரிது. இங்கிலாந்திலிருந்து 1825-இல் புறப்பட்ட ‘எண்டர்பிரைஸ்’ என்ற நீராவிக் கப்பல் 113 நாள்களில் கல்கத்தாவை அடைந்தது. அக்காலக் கப்பல்களின் கொதிகலன்களில் கடல்நீரையே காய்ச்சினார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நீர் ஆவியாகிப் போக, உப்பு கலனிலேயே தங்கும். ஆகவே அடியிலுள்ள திறப்பை அவ்வப்போது திறந்து, செறிந்த உப்புநீரை வெளியேற்றிப் புதுநீர் புகுத்தினார்கள். சூடேற்றிய நீரை வெளியே கொட்டுவது எரிபொருள் நட்டந்தான். ஆனால் கொட்டாவிட்டால் கலனே போய்விடும். ஆவியைக் குளிர்வித்து மீண்டும் நன்னீராக்கிக் கலனுக்கே அனுப்பும் கருவிக்குச் சாமுவேல் ஹால் 1834-இல் காப்புரிமை பெற்ற பின்னரும், இத்தொல்லை முற்றிலும் நீங்கப் பல ஆண்டுகள் ஆயின.

படிவு ஏன் தீங்கானது? சுண்ணப் படிவு, செம்பைக் காட்டிலும் 100 மடங்குக்கும் மேல் குறைவாகவே வெப்பத்தைக் கடத்துகிறது. அது கம்பளிபோல் இடையே நின்றுவிடுகிறது. உள்ளே வெப்பக்கம்பி கொதிக்கும். வெளியே நீர் சூடாகாது. மின்சாரம் வீணாவதுடன் வெப்பக்கம்பியும் விரைவில் எரிந்துபோகும். நம் வெந்நீர்க் கலனின் அடிக்குழாய், அந்தக் கப்பல்களின் அடித்திறப்புக்குப் பேரன் எனலாம்.

குளியலறைக்குள் வந்த கலன்

லண்டனில் பெயின்டராயிருந்த பெஞ்சமின் வாடி மோகன் 1868-இல், எரிவாயுவால் உடனுக்குடன் நீரைச் சூடாக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஐஸ்லாந்து நாட்டின் பீறிடும் வெந்நீர் ஊற்றின் பெயரால் அதற்குக் ‘கீசர்’ என்று பெயரிட்டார். நம் வீடுகளில் வழங்கும் சொல் அங்கிருந்து வந்ததுதான். அதில் புகைபோக்கி இல்லை. எரிந்த வாயு குளியலறையிலேயே தங்கியது. காற்றோட்டமில்லாத அறையில் எரிவாயுக் கீசர் வைப்பது இன்றும் உயிருக்கு ஆபத்து. நார்வேயிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் எட்வின் ரூட், 1889-இல் நீரைச் சேமித்து வைத்துத் தானே சூடாக்கும் கலனை உருவாக்கினார். அவ்வழியில் வந்தவையே இன்றைய மூடிய கலன்கள்.

இக்கலனுக்குள் மற்றொரு காவலனும் மறைந்திருக்கிறான். போர்க்கப்பல்களின் செம்புத் தகடுகள் கடல்நீரில் அரிபடாமல் இருக்க, அவற்றோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால் போதும் என்று 1824-இல் ஹம்ஃப்ரி டேவி கண்டார். எளிதில் அரிபடும் உலோகம் தன்னை அழித்துக்கொண்டு மற்றதைக் காக்கும். நம் எஃகுக் கலனுக்குள் தொங்கும் மக்னீசியத் தண்டு செய்யும் தியாகம் இதுவே. மக்னீசியம் என்றதும் சேலத்தார்க்கு ஒன்று நினைவு வரவேண்டும். சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று தெரியும் சுண்ணாம்புக் கரடு உண்மையில் சுண்ணாம்பு அன்று; மக்னீசியம் கார்பனேட்டாகிய மாக்னசைட். கலனைக் கல்லாக்கும் கால்சியமும், கலனைக் காக்கும் மக்னீசியமும் தனிம அட்டவணையில் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து நிற்பவை.

மாரமங்கலத்தில் நடந்தது

இனி என் வேலைக்கு வருவோம். நீங்களும் செய்ய நேரலாம் ஆகையால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மின்சாரத்தை முதன்மைச் சுவிட்சிலேயே நிறுத்தினேன். நீர் ஆறும்வரை காத்திருந்து, கலனுக்கு வரும் தண்ணீர்க் குழாயை மூடினேன். அடிக்குழாயைத் திறந்தால் கொஞ்சம் நீர் வந்து நின்றுவிட்டது. காரணம் தெரியுமா? உள்ளே நுழையக் காற்றுக்கு வழியில்லை. டாரிசெல்லி 1643-இல் பாதரசத்தைக் கொண்டு காட்டியபடி, வளி அழுத்தம் நீரைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. வெந்நீர்க் குழாயைத் திறந்து காற்றுக்கு வழிவிட்டதும் கலன் காலியாயிற்று.

வெள்ளைச் சுண்ணாம்பை எதிர்பார்த்திருந்தேன். வந்ததோ செந்நிறச் சேறு! அவ்வீட்டுக்கு ஓடைநீர் வருகிறது. பாக்சைட் கிடைக்கும் அம்மலையின் செம்மண்தான் மழைக்காலத்தில் நீரோடு வந்து, பல ஆண்டுகளாய் அடியில் படிந்திருந்தது. கல்லானாலும் மண்ணானாலும் இறங்குவது அடிக்குத்தானே?

பழைய குழாயை ஸ்பேனரால் கழற்றினேன். புதியதன் மரையில் டெப்லான் நாடாவைச் சுற்றினேன். முன்பு இவ்விடத்தில் சணலும் வெள்ளையும் வைப்பார்கள். புதிய பித்தளைக் குழாய், முன்பின் பாராத பழைய துளையில் அழகாகப் பொருந்திற்று. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டிய காலத்தில், 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர், எல்லாரும் ஒரே கோணத்தில், அதாவது 55 பாகையில், மரை வெட்டவேண்டும் என்று வற்புறுத்தினார். நம் கடைகளில் ‘அரை அங்குலம்’ என்று கேட்டு வாங்கும் குழாயின் மரை இன்றும் அந்த 55 பாகையில்தான் இருக்கிறது. அங்குலத்துக்கு 14 சுற்று. அளந்து பார்த்தால் மரையின் வெளிவிட்டம் சுமார் 21 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலத்தை விட மிகுதி. அரை அங்குலம் என்பது பழைய குழாயின் உட்புற அளவைக் குறித்த பெயர்.

கலனில் நீரை நிரப்பினேன். வெந்நீர்க் குழாயில் காற்று முழுதும் போய்த் தடையின்றி நீர் வந்த பிறகே மின்சாரத்தைப் போட்டேன். வெறுங்கலனைச் சூடாக்கினால் வெப்பக்கம்பி கணத்தில் கெட்டுவிடும். புதிய குழாய் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பெருமையோடு உறங்கச் சென்றேன்.

மறுநாள் விடியலில் என் மகளைக் குளிப்பாட்டுவதற்காகக் கலனின் சுவிட்சைப் போட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்தேன். காப்பி அருந்திக்கொண்டிருந்த மாமனார், “நல்லதாப் போச்சுங்க மாப்பிள்ளை. முன்ன மேல இருக்கிற வால்வுதான் சொட்டிக்கிட்டே இருந்துச்சு. ஒருத்தரைக் கூப்பிட்டு அதை அடைச்சோம். அப்புறம் இந்தக் கீழ்க்குழாய் சொட்ட ஆரம்பிச்சுது. இப்ப அதுவும் நின்னுச்சு” என்றார்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். சுவிட்சை அணைத்தேன். கலனுக்குத் தண்ணீர் நுழையும் இடத்திலிருந்த காப்பு வால்வின் சொட்டுத் துளையில் ஒரு மரச்சக்கை. அதன் மேல் கெட்டிப்பட்ட பிசின். வெந்நீர்க் குழாயின் மூட்டு ஒன்றில் அப்போதே நீர் கசிந்துகொண்டிருந்தது.

ஒரு சொட்டின் கணக்கு

நடந்ததை எண்ணிப் பாருங்கள். 20 பாகையிலுள்ள நீரை 60 பாகைக்குச் சூடாக்கினால் அதன் பருமன் ஏறத்தாழ 1.5 விழுக்காடு பெருகும். 25 லிட்டருக்கு இது சுமார் 380 மில்லிலிட்டர். இரண்டு டம்ளர் நீர். திறந்த தவலையில் மட்டம் சற்று உயரும், அவ்வளவே. ஆனால் இன்றைய கலனில், வெந்நீர் திரும்பிப் போகாமலிருக்க ஒருவழி வால்வு இருக்கிறது. குழாய்களும் மூடியிருந்தால் அந்த இரண்டு டம்ளர் நீர் எங்கே போகும்? கலன் சிறிதும் நெகிழாது என்று கொண்டால், உள்ளே வளி அழுத்தத்தைப்போல் சுமார் 300 மடங்கு அழுத்தம் எழும். எந்த வீட்டுக் கலனும் இதைத் தாங்காது. அதற்கு முன்னரே ஏதாவது ஒரு மூட்டு வழிவிடும். ஆகவே காப்பு வால்வு சூடேறும்போது சொட்டுவது பழுது அன்று. அதுவே அதன் பணி.

மேல்வாயை அடைத்தபின், பெருகிய நீர் மெலிந்த இடத்தைத் தேடி அடிக்குழாயின் வாஷரைக் கெடுத்துக்கொண்டு வெளியேறியது. சொட்டிய அந்தப் பழைய குழாய்தான் அவ்வீட்டின் கடைசிக் காவலன். நான் அதையும் இறுக மூடிவிட்டேன்!

தெர்மோஸ்டாட்டும் கெட்டு, நீர் 150 பாகை வரை சூடாகியிருந்தால்? கலன் பிளந்த கணத்தில் நீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 2 கிலோ, ஆவியாகிவிடும். அதன் பருமன் 3,500 லிட்டர். ஒரு சிறு குளியலறை முழுவதையும் நிரப்பிவிடும். வெப்பத்தால் துண்டிக்கும் அமைப்பும் உருகும் அடைப்பும் இருந்தன என்பது உண்மையே. ஆனால் ஒரு காவலனைக் கட்டிப்போட்டுவிட்டு மற்றவரை நம்புவது கிரீனிச்சில் நடந்த கதையாகும்.

நான் மரச்சக்கையைத் தோண்டி எடுத்துப் பார்க்கவில்லை; வால்வையே புதிதாக மாற்றச் செய்தேன். அதுவரை என் மகள் விறகடுப்பு வெந்நீரில் குளித்தாள்.

1863-இல் கல்கத்தாவில் நடந்த ஒரு கொதிகலன் வெடிவிபத்துக்குப் பின், 1864-இல் வங்காளத்தில் கொதிகலன்களை ஆய்வு செய்யும் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான இந்தியக் கொதிகலன் சட்டம் 1923-இல் இயற்றப்பட்டது. 2025-இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. ஆலைகளின் கொதிகலன்களுக்கு ஆய்வாளர் உண்டு, சான்றிதழ் உண்டு. நீரை 100 பாகைக்குக் கீழே சூடாக்கும் வீட்டுக் கலன்கள் இச்சட்டத்துக்கு வெளியே நிற்பவை. நம் குளியலறைக்கு எந்த ஆய்வாளரும் வரமாட்டார். அந்த வேலை நம்முடையது.

ஆகவே, வாசகர்களே, இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுக் கலனைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். காப்பு வால்வின் துளை திறந்திருக்கிறதா? யாராவது அதைச் சக்கையால் அடைத்திருக்கிறார்களா? அதன் சொட்டு நீர் விழ ஒரு சிறு குழாயை மாட்டி வாளிக்கு விடுங்கள், அடைத்துவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அடிக்குழாயைத் திறந்து கசடை வெளியேற்றுங்கள். அது சொட்டினால் மாற்றுங்கள். ஆனால் மாற்றும் முன், ஏன் சொட்டியது என்று கேளுங்கள்.

வெப்பத்தால் நீர் விரியும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். மாரமங்கலத்துக் குளியலறையில் அதே உண்மை சொட்டுச் சொட்டாக என் கண்முன் விழுந்தபோது, அதைப் பழுது என்று எண்ணி நிறுத்திவிட்டேன். இவ்வாண்டு அப்பாடத்தை நடத்தும்போது, கழற்றிய அந்தப் பழைய அடிக்குழாயை மேசைமீது வைத்தே தொடங்கினேன்.